சீட்டும் முடிவும்: டாரோட், கழங்கு, குடவோலை

டாரோட் சீட்டுகள் குறி சொல்லப் பிறந்தவை அல்ல. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலிய அரசவைகளில் ஆடப்பட்ட சீட்டாட்டமே அவற்றின் தொடக்கம். 1781இல் அந்துவான் கூர் தெ ஜெபெலின் என்ற பிரெஞ்சு அறிஞர் அவற்றுள் எகிப்தியரின் மறைஞானம் பொதிந்திருப்பதாக எழுதினார். எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அன்று ஐரோப்பாவில் ஒருவரும் இலர். ஆயினும் அதன் பின்னரே 78 சீட்டுகளும் குறிகேட்கும் கருவியாகப் பரவலாயின. சீட்டு எதிர்காலத்தைச் சொல்லாது, கேட்பவர் தம் மனத்தைத் தாமே காண உதவும் என்பது இன்று டாரோட் பார்ப்போர் பலரும் தரும் விளக்கம். அறிவு தடுமாறும் இடத்தில் சீட்டு உண்மையில் எதைத் தருகிறது? தமிழ் வரலாற்றில் இவ்வினாவுக்கு மூன்று வேறுபட்ட விடைகள் உள்ளன.

முதலாவது கழங்கு. மகளின் மெலிவுக்குக் காரணம் அறியாத தாய் வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கிட்டுப் பார்த்து, இது முருகனால் வந்த வருத்தம் என்கிறான். காரணம் காதல் என்பதைத் தோழியும் தலைவியும் அறிவர். நற்றிணையின் 34ஆம் பாடலில் தோழி, வெறியாட்டுக்கு வந்த முருகனையே அறியாமை உடையவன் என்கிறாள். குறி மீதான ஐயமும் குறியைப் போலவே பழையது என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, தேவார ஏட்டில் கயிறு சாத்திப் பார்த்தல். மகப்பேறின்றி வருந்திய பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர், தம் குரு சகலாகம பண்டிதரின் சொற்படி கயிறு சாத்தினார். சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகப் பாடல் கிடைத்தது. அங்கே சென்று முக்குள நீராடி வழிபட்டபின் பிறந்தவரே மெய்கண்டார் என்பது சைவ மரபு. ஏடு ஒரு பாடலைக் காட்டியது. அப்பாடலைச் செயலாக மாற்றியதோ குருவின் வாசிப்பும் களப்பாளரின் நம்பிக்கையும். டாரோட்டின் இன்றைய விளக்கத்துக்கு மிக அண்மையில் நிற்பது இதுவே.

மூன்றாவது குடவோலை. இது குறியன்று, ஆயினும் முடிவெடுத்தலைப் பற்றி மிகுதியாகச் சொல்வது இதுவே. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) முறையை நுணுக்கமாக விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. 35க்கு மேல் 70க்குள் வயது, நிலமும் சொந்த மனையும், வேதக் கல்வி ஆகியன தகுதிகள். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். எஞ்சியோர் பெயர்களே குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கிப் படிப்பான். அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதை மீண்டும் படிப்பர். விரித்த கை, ஓலை மாற்றப்படவில்லை என்பதற்கான காப்பு.

இங்கே ஓலை எதிர்காலத்தை அறிவிக்கவில்லை. எடுப்பவரின் விருப்பையும் வெறுப்பையும் முடிவிலிருந்து நீக்கியது. அதுவும் ஆராய்ந்து கழிக்க வேண்டியவரைக் கழித்த பின்னரே. ஆனால் குடத்துக்குள் புகும் தகுதி நிலமுடைய பிராமண ஆடவர்க்கே இருந்தது. குலுக்கலின் நடுநிலை, குடத்தின் வாய்வரை வந்து சேர்ந்தவர்க்கு மட்டுமே உரியது.

பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டி எழுந்த நிலத்தில் கோனப்பன அக்ரஹாரமும் ஒன்று. அக்ரஹாரம் என்பது உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் போலவே பிராமணர்க்குக் கொடையளித்த ஊரைக் குறிக்கும் பெயர். அங்குள்ள மென்பொருள் நிறுவனங்களின் பொறியாளர் பலருக்கு அமெரிக்கப் பயணம், ஆண்டுக்கு 85,000 என வரம்பிட்ட எச்-1பி விசாவுக்கான கணினிக் குலுக்கலைச் சார்ந்தே பல ஆண்டுகள் இருந்தது. அங்கோ சீட்டு முன்னர், தகுதி ஆய்வு பின்னர்.

ஆகவே, கடினமான முடிவொன்றின் முன் சீட்டெடுக்கும் எவரும் முதலில் கேட்க வேண்டியது சீட்டு என்ன சொல்கிறது என்பதன்று. குடத்துக்குள் எந்தெந்த ஓலைகள் இடப்பட்டன, இட்டவர் யார், இடப்படாமற்போனவை எவை என்பனவே அவர் கேட்க வேண்டிய வினாக்கள்.