மாடி வீட்டில் கம்பியில்லா இணையம்

டொராண்டோ, சிகாகோ போன்ற குளிர்ப்பிரதேச நகரங்களின் தனி வீடுகளில் பெரும்பாலும் மூன்று அடுக்குகள்: பேஸ்மென்ட், அதன்மேல் கூடமும் சமையலறையும், அதற்கும் மேலே படுக்கையறைகள். இணையக் கம்பி பல வீடுகளில் பேஸ்மென்ட்டில்தான் நுழைகிறது. இணைப்புக் கொடுக்க வருபவர் ரூட்டரையும் அங்கேயே, ஃபர்னஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அவருக்கு அது சுலபம். மேல்மாடியிலிருந்து ஊருக்குப் பேசினால் அம்மாவின் முகம் பாதி வார்த்தையில் உறைந்து நிற்பதற்குப் பல வேளைகளில் காரணம் இவ்வளவுதான்.

வை-ஃபை ஒருவகை வானொலி அலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸில் அதில் ஏறக்குறையப் பாதி. பின்னதில் வேகம் அதிகம், அக்கம்பக்கத்து நெரிசல் குறைவு. ஆனால் தளங்களைக் கடக்கையில் சீக்கிரம் களைத்துவிடும். அமெரிக்காவில் 2020இல் திறந்துவிடப்பட்ட 6 கிகாஹெர்ட்ஸ் இதில் இன்னும் ஒரு படி கீழே. மரத்தளமும் ஜிப்சம் பலகையும் பெரிய தடையல்ல. வெப்பக்காற்று செல்லும் தகரக் குழாய், நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, கான்கிரீட் ஆகியவைதாம் எதிரிகள்.

ஆகவே முதல் வேலைக்குக் காசு வேண்டாம். ரூட்டரை நடு அடுக்குக்கு, முடிந்தால் மாடிப்படி அருகே, உயரமான இடத்துக்கு மாற்றுங்கள். குச்சி ஆன்டெனாவிலிருந்து அலை உளுந்து வடை வடிவில் பரவுகிறது. குச்சி நிற்பது வடையின் ஓட்டையில். குச்சி நிமிர்ந்திருந்தால் வடை படுத்திருக்கும், அதாவது அதே அடுக்குக்கு நல்லது. ஒரு குச்சியைப் படுக்க வைத்தால் வடை நிமிர்ந்து மேலும் கீழும் எட்டும்.

"அதிக சக்தியுள்ள ரூட்டர் வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இது ஒலிபெருக்கி அல்ல, உரையாடல். ரூட்டர் உரக்கக் கத்தினாலும் கைபேசி தன் சின்னக் குரலில்தானே பதில் சொல்ல வேண்டும்? அந்தக் குரல் கீழே போய்ச் சேராவிட்டால் பயனில்லை.

அடுத்தது எக்ஸ்டெண்டர். கேட்டதையே திரும்பச் சொல்லும் கருவி இது. ஒரே அலைவரிசையில் கேட்கவும் சொல்லவும் செய்தால் வேகம் பாதியாகிவிடும். இதை இணையம் எட்டாத அறையிலேயே வைப்பவர்கள்தான் அதிகம்; தனக்கே கேட்காததை அது எப்படிச் சொல்லும்? பாதி வழியில் வைக்க வேண்டும். மெஷ் கருவிகளுக்கும் இதே விதிதான். பின்தொடர்புக்கென்று தனி ரேடியோ உள்ளவை மேல்.

என்னைக் கேட்டால், கம்பியில்லா இணையத்துக்குச் சிறந்த மருந்து கம்பிதான். ஒரு கேட்-5இ கம்பி 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் கொண்டுபோகும். மாடியில் அதன் முனையில் ஓர் ஆக்சஸ் பாயின்ட், அதற்கும் கீழே உள்ள அதே பெயர், அதே கடவுச்சொல். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்கொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11. அடுக்குக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுங்கள். சுவரைத் துளைக்க மனமில்லாவிட்டால், பழைய கேபிள் டிவிக் கம்பி அறைக்கு அறை ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். மோகா எனப்படும் சிறு பெட்டிகள் இரண்டை அதன் இரு முனைகளில் மாட்டினால் இணையம் அதிலேயே ஏறிவிடும். மின்கம்பி வழியாக அனுப்பும் பவர்லைன் கருவி சில வீடுகளில் நன்றாகவும் சில வீடுகளில் மோசமாகவும் நடக்கும். திருப்பித் தரும் வசதியுள்ள கடையில் வாங்குவது நல்லது.

எதையும் வாங்குமுன் அறை அறையாக அளந்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு கைபேசிக்கு இதற்கான இலவசச் செயலிகள் இருக்கின்றன. -50 டிபிஎம் மிக நன்று; -67 முகம் பார்த்துப் பேசப் போதும்; -80 என்றால் அறுந்து அறுந்து வரும். 10 எண் குறைந்தால் வலிமை பத்தில் ஒன்றாகிவிடுகிறது என்பதால், -60க்கும் -80க்கும் இடையே உள்ளது நூறு மடங்கு.