வளர்த்துக் கொடுக்கும் அன்பு

சிங்காரப்பேட்டையில் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் பிற்காலத்தில் பார்வையை இழந்தார். ஊத்தங்கரைப் பேருந்தைப் பிடிக்கவேண்டுமானால், எவரேனும் வந்து சாலையைக் கடக்க உதவும்வரை ஓரமாக நின்றிருப்பார். "கைகொடுக்க ஆள் வருவார்கள், ஐயா, எப்போது வருவார்கள் என்பதுதான் என் வசத்தில் இல்லை" என்றார் ஒருநாள். அச்சொல்லே வழிகாட்டி நாய்களின் வரலாற்றை நான் தேடிப் படிக்கக் காரணமாயிற்று.

முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களின்பொருட்டு, 1916-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் டாக்டர் கெர்ஹார்ட் ஸ்டாலிங் என்பார் முதற் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஸ்விட்ஸர்லாந்தில் நாய்களைப் பழக்கி வந்த டாரதி யூஸ்டிஸ் என்னும் அமெரிக்க மாது, ஜெர்மானியரின் இம்முயற்சியைப் பற்றி 1927-இல் கட்டுரை வரைந்தார். அதனைத் தந்தையார் படித்துக்காட்டக் கேட்ட மாரிஸ் ஃபிராங்க் என்னும் பார்வையற்ற இளைஞர், மறு ஆண்டே அம்மாதினிடம் சென்று பயின்று, ஒரு நாயோடு தாயகம் திரும்பினார். 1929-இல் அமெரிக்காவில் 'ஸீயிங் ஐ' என்னும் நிறுவனம் பிறந்தது. 1931-இல் இங்கிலாந்தின் வாலஸி நகரிலும் நால்வர் இத்தகைய நாய்களைப் பெற்றனர்.

கொட்டிலிலேயே வளரும் நாய்க்கு உலகம் பழகுவதில்லை. படிக்கட்டும், குழந்தைகளின் கூச்சலும், வண்டியின் ஓசையும் அதை மிரட்டிவிடும். ஆகவே 1942-இல் 'ஸீயிங் ஐ' நிறுவனம், 'ஃபோர் எச்' என்னும் இளைஞர் மன்றத்துச் சிறுவர்களின் இல்லங்களில் குட்டிகளை வளர்க்கக் கொடுத்தது. பிரிட்டனிலும் 1956-இல் இம்முறை வந்தது.

வளர்ப்போர் கூலி பெறுவதில்லை. ஏறத்தாழ இரண்டு மாதக் குட்டியை ஏற்று, ஓராண்டுக்கு மேல் பேணுகின்றனர். தூய்மைப் பழக்கம், எவர்மீதும் தாவாமை, பூனையைக் கண்டு ஓடாமை, கடைத்தெருவில் அமைதி ஆகியவற்றைப் பழக்குகின்றனர். வழிகாட்டும் வித்தையைப் பின்னர்ப் பயிற்சியாளர் புகட்டுவார். தேர்ச்சி பெறாத நாய்களும் உண்டு.

பயிற்சிக்கு உரிய காலம் வந்ததும் நாயைத் திருப்பி ஒப்படைத்துவிட வேண்டும். 'வளர்த்த மனம் அதற்கு இசையுமா?' என்று கேட்கலாம். இசைவது கடினந்தான், கண்ணீரின்றி அப்பிரிவு நிகழ்வது அரிது. ஆயினும், பிரிந்தவர்களுள் பலர் மீண்டும் ஒரு குட்டியை ஏற்கின்றனர். ஆண்டுதோறும் மாணவரை வழியனுப்பிவிட்டுப் புதிய வகுப்பை வரவேற்ற எனக்கு அவ்வுள்ளம் புரிகிறது.

தெருநாய்கள் திரியும் நம் கடைவீதிகளில் இப்பணி எளிதன்று. நம்மவர் பலருக்கு இன்றும் கைக்கோலே துணை. எனினும் இவ்வரலாறு நமக்கும் ஒன்றை உணர்த்துகிறது. பார்வையற்றவர் வேண்டுவது நம் இரக்கத்தை அன்று. தாம் நினைத்த நேரத்தில் புறப்படும் உரிமையையே. அந்த உரிமையைப் பிறருக்கு ஈட்டித்தரவே, முன்பின் அறியாத ஒருவருக்காக ஒரு குடும்பம் குட்டியை வளர்க்கிறது. நம் மாணவர் சாலையோரத்தில் காத்து நிற்கும் நேரத்தைக் குறைக்க நாம் என்ன செய்யப்போகிறோம்? எண்ணிப் பாருங்கள்.