துபாயாவின் கடல் வரைபடம்

மூலப்படம் இப்போது எங்கும் இல்லை. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பது ஒரு நகல். மையால் தீட்டிய 74 தீவுகள். வரைந்தவர் என்று அதில் எழுதியிருப்பது லெப்டினன்ட் ஜேம்ஸ் குக்கின் பெயர். கடலைச் சொன்னவரோ துபாயா.

1769 ஜூலையில் குக்கின் எண்டெவர் கப்பல் தஹிதியை விட்டுக் கிளம்பியபோது துபாயா அதில் ஏறிக்கொண்டார். ராயதேயா தீவின் பூசாரி, கைதேர்ந்த மாலுமி. போரா போரா வீரர்கள் ஊரைப் பிடித்துக்கொள்ள, தஹிதிக்குத் தப்பி வந்தவர். அவரைக் கப்பலில் ஏற்ற குக் முதலில் தயங்கினார். செலவு என்னுடையது என்று முன்வந்தவர் செல்வந்தரான இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸ். அக்கம்பக்கத்துச் சீமான்கள் சிங்கமும் புலியும் வளர்க்கிறார்களே, நான் இவரை வைத்துக்கொண்டால் என்ன என்ற தொனியில் நாட்குறிப்பும் எழுதினார். கல்விமான்தான், என்ன செய்வது!

துபாயா சொன்ன தீவுப் பெயர்கள் 130-ஐ நெருங்கின. எண்டெவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் தஹிதி இருக்கும் திசையை அவர் சரியாகக் கைகாட்டுவாராம். 1770 டிசம்பரில், இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டேவியாவில், நோய்வாய்ப்பட்டு இறந்தார். உடன் வந்த சிறுவன் தையத்தாவும் அங்கேயே போய்விட்டான். படம் மட்டும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது.

குக்கின் இரண்டாம் பயணத்தில் சென்ற யோஹான் ஃபார்ஸ்டர், 1778-இல் தன் நூலில் அதைச் செதுக்கு அச்சாக வெளியிட்டார். பார்த்தவர்கள் குழம்பினார்கள். மேலே வடக்கு என்று வைத்துக்கொண்டால் பல தீவுகள் இடம் மாறிக் கிடந்தன. துபாயாவுக்குத்தான் தெரியவில்லை என்று முடிவுகட்டுவது எளிதாக இருந்தது.

2019-இல் போட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தின் லார்ஸ் எக்ஸ்டைனும் அன்யா ஷ்வார்ட்ஸும் வேறு மாதிரி படித்தார்கள். படத்தின் நடுவே கோடுகள் வெட்டுமிடத்தில் உச்சிவேளை என்று தஹிதி மொழியில் எழுதியிருக்கிறது. அங்கே உச்சிச் சூரியன் ஆண்டின் பெரும்பகுதி வடக்கில்தான் நிற்கும். ஆகவே வடக்கு, தாளின் மேல்விளிம்பில் இல்லை, நடுப்புள்ளியில் இருக்கிறது. புறப்படும் தீவிலிருந்து நடுப்புள்ளிக்கு ஒரு கோடு, போகவேண்டிய தீவுக்கு ஒரு கோடு; இரண்டுக்கும் இடையிலான கோணமே பயணத் திசை. ஒரே வடக்கை நம்பிய மாலுமிகளுக்காக, தீவுக்குத் தீவு மாறும் தன் கணக்கை துபாயா இப்படித் தாளில் மடக்கித் தந்திருக்கிறார் என்பது அவர்கள் வாதம். எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்கவில்லை. எனக்கு இது பொருந்திவருகிறது: கப்பல் திரும்பத் திரும்பத் தஹிதியைக் கைகாட்டியவர் வேறு எப்படி வரைந்திருப்பார்?