குயவர் கண்ட கணக்கு



கணக்கியல் என்றவுடன் உங்களுள் பலர் முகஞ்சுளிப்பதை நான் அறிவேன். பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை என்பவையெல்லாம் உயிரற்ற சொற்களாகவே தோன்றும். கல்லூரியில் முதலாண்டு பயின்ற காலத்தில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது ஒரு குயவரின் வரலாறு. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

ஒருநாள் எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார். ஒருவர் மாதந்தோறும் நூறு பூச்சாடிகள் செய்கிறார். வாடகை, அச்சுகள், எழுத்தர் சம்பளம் ஆகியவற்றிற்கு மாதம் 600 ரூபாய் செலவாகிறது. அவை தவிர, ஒவ்வொரு சாடிக்கும் மண்ணும் கூலியும் விறகுமாக 2 ரூபாய். ஆகவே மொத்தச் செலவு 800 ரூபாய். ஒரு சாடியின் அடக்க விலை 8 ரூபாய். இந்நிலையில் வெளியூர் வணிகர் ஒருவர், வழக்கமான விற்பனைக்கு ஊறு நேராத வகையில், மேலும் நூறு சாடிகளை 5 ரூபாய் வீதம் கேட்கிறார். கொடுக்கலாமா?

நான் எழுந்து, “கொடுக்கலாகாது ஐயா, சாடிக்கு 3 ரூபாய் நட்டம்” என்று பெருமிதத்தோடு விடையிறுத்தேன். ஆசிரியர் புன்னகை செய்து, “அந்த நூறு சாடிகளைச் செய்யாவிட்டால் வாடகைக்காரன் வாடகையைக் குறைத்துக்கொள்வானா, தம்பி?” என்று வினவினார். வகுப்பு முழுவதும் நகைத்தது. அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. கூடுதலான நூறு சாடிகளுக்கு ஆகும் செலவு 200 ரூபாய். வரவோ 500 ரூபாய். நட்டம் என்று நான் தள்ளிவிட்ட அவ்வாணையில் 300 ரூபாய் ஆதாயம் மறைந்திருந்தது. “இதே உண்மையை ஒரு குயவர் தம் தொழில் ஆட்டங்கண்ட வேளையில் தாமே கண்டறிந்தார்” என்று சொல்லி, ஆசிரியர் ஜோசையா வெட்ஜ்வுட் என்பவரின் கதையைத் தொடங்கினார்.

அவருக்கு முன்னரே ஐரோப்பிய வணிகர்கள் கணக்கெழுதுவதில் தேர்ந்திருந்தனர். 1494ஆம் ஆண்டில் லூக்கா பச்சோலி என்னும் துறவி, வெனிஸ் நகரத்து வணிகர் கையாண்ட இரட்டைப் பதிவு முறையைத் தம் கணித நூலில் விளக்கி அச்சிட்டார். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் பற்று ஒன்று, வரவு ஒன்று. இருபுறமும் ஒத்திருத்தல் வேண்டும் என்பதே அதன் நெறி. யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும், யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதை அது தெளிவாகக் காட்டும். ஆயின் தன் பட்டறையில் ஒரு பொருளைச் செய்வதற்கு உண்மையில் என்ன செலவாகிறது என்னும் வினாவிற்கு அவ்வேடுகளில் நேரான விடை இல்லை. வாங்கி விற்பவனுக்கு அவ்வினா எளிது. செய்து விற்பவனுக்கோ அது பெரும் புதிர்.

வெட்ஜ்வுட் 1730ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்டாபர்டுஷயர் மாவட்டத்துப் பர்ஸ்லெம் என்னும் ஊரில் குயவர் குடும்பத்திற் பிறந்தவர். இளமையில் பெரியம்மை நோயால் முழங்கால் பழுதுற்றது. 1768இல் அக்காலையே துண்டிக்க நேர்ந்தது. ஆயினும் ஊக்கம் குன்றவில்லை. மறு ஆண்டே, தாமஸ் பென்ட்லி என்னும் வணிகரைக் கூட்டாளியாகக் கொண்டு, எட்ரூரியா என்று பெயரிட்ட புதிய தொழிற்சாலையைத் திறந்தார். அரசியார் சார்லட் அவருடைய கலங்களை வாங்கினார். செல்வர்கள் அவர் செய்த பூச்சாடிகளுக்குப் போட்டியிட்டனர்.

1772ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நிலைமை மாறிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகளில் சூதாடித் தோற்ற பார்டைஸ் என்னும் லண்டன் வங்கியாளர் நாட்டைவிட்டு ஓடிப்போனார். அவருடைய வங்கி மூடப்பட்டது. அதனைத் தொடர்ந்து வேறு பல வங்கிகளும் சரிந்தன. கடன் கிடைப்பது அரிதாயிற்று. வெட்ஜ்வுட்டின் சரக்குகள் தேங்கின, கைப்பணம் முட்டுப்பட்டது. விலையைக் குறைப்பதா, உற்பத்தியைக் குறைப்பதா? எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு அடக்க விலை தெரியவேண்டும். அதுதான் அவருக்குத் திட்டமாகத் தெரியவில்லை!

அவர் தாமே ஏடுகளை எடுத்துக்கொண்டு அமர்ந்தார். மண்ணைப் பிசைவது முதல் லண்டன் கடையில் விற்பது வரை ஒவ்வொரு படியிலும் ஆகும் செலவைத் தனித்தனியே குறித்தார். மாதிரி வடித்தல், அச்சு, கூலி, சூளை, உடைந்து வீணாவது, வாடகை, எழுத்தர் ஊதியம் என ஒன்றையும் விடவில்லை. இருவகைப் பயன்கள் விளைந்தன. அலுவலகத்தில் நடந்துவந்த பணக் கையாடல் வெளிப்பட்டது. அது முதல் வாரந்தோறும் கணக்கு முடிக்கும் ஒழுங்கை ஏற்படுத்தினார். அதனினும் பெரியது மற்றொன்று. சில செலவுகள், செய்யும் பொருள் கூடினாலும் குறைந்தாலும், கடிகாரம் ஓடுவதுபோல் ஒரே சீராக நடந்துகொண்டிருப்பதை அவர் கண்டு பென்ட்லிக்கு எழுதினார். ஆகவே ஓர் அச்சில் பத்துக் கலம் வார்ப்பதைவிட நூறு கலம் வார்ப்பதே நன்று. செல்வர் மாளிகைகளில் இடம்பெற்ற பூச்சாடிகளை விலை குறைத்து நடுத்தர மக்களுக்கும் விற்கலாம் என்னும் துணிவு இதனாற் பிறந்தது. நெருக்கடியைக் கடந்து அவர் தொழில் தழைத்தது. 1795இல் அவர் மறைந்தபோது பெருஞ்செல்வராக விளங்கினார்.

இன்று நீங்கள் பாடநூலில் நிலையான செலவு, மாறும் செலவு என்று படிப்பது இதனையே. தொழிலை நடத்துபவன் தன் முடிவுக்காகத் தானே எழுதிக்கொள்ளும் இக்கணக்கை மேலாண்மைக் கணக்கியல் என்கிறோம்.

வெட்ஜ்வுட்டின் முதல் அவருடையதும் அவர் கூட்டாளியுடையதுமே. வெளியாருக்கு அறிக்கை தரவேண்டிய கடப்பாடு அவருக்கில்லை. பலருடைய பணத்தைத் திரட்டும் கூட்டுப் பங்குக் கம்பெனிகள் பெருகியபோது, முகமறியாப் பங்குதாரருக்கு உண்மை சொல்லவேண்டிய தேவை எழுந்தது. பிரிட்டனில் 1844ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய கம்பெனிகள் ஐந்தொகை தயாரிக்கவும் தணிக்கை செய்விக்கவும் விதித்தது. இது கம்பெனிக் கணக்கியலின் துறை. நம் நாட்டிலும் 1949ஆம் ஆண்டுச் சட்டம் பட்டயக் கணக்கர்க்கும், 1959ஆம் ஆண்டுச் சட்டம் அடக்க விலைக் கணக்கர்க்கும் தனித்தனி அமைப்புகளை உண்டாக்கின. ஒன்று நடந்ததைப் பிறர்க்கு நேர்மையாக உரைப்பது. மற்றொன்று நடக்கவேண்டியதைத் தான் ஆராய்வது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். என் வகுப்புக் கணக்கை அறிந்த ஒருவர் இருநூறு சாடிகளையும் 3 ரூபாய்க்கே விற்பாராயின், வரவு 600, செலவோ 1,000. நானூறு ரூபாய் நட்டம்! ஓர் ஆணைக்குப் பொருந்தும் விலை முழுத் தொழிலுக்கும் பொருந்தாது. மேலும், வெட்ஜ்வுட் தம் தொழிலாளரை மணியடித்து நேரங்காத்து வேலைவாங்கியவர். ஏட்டில் கூலி என்பது ஒரு செலவுதான். வெளியிலோ அது ஒரு குடும்பத்தின் உணவு. எண்ணை மட்டும் பார்த்து ஆளை மறப்பது நல்ல கணக்காகாது.

அன்று நான் சொன்ன தவறான விடை, ஒரு மாணவனின் விடையாதலால் நகைப்போடு முடிந்தது. ஒரு பட்டறை உரிமையாளர் அதே விடையைச் சொல்லியிருந்தால், வந்த ஆணை திரும்பிப் போயிருக்கும், சூளை அணைந்திருக்கும், உழைத்தவர் வீடு திரும்பியிருப்பர். ஆதலால், நண்பர்களே, அடுத்த முறை ஓர் அடக்க விலையைக் கணக்கிடும்போது, விடையின் கீழ்க் கோடிட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். இச்செலவுகளுள் எவை மாறும், எவை மாறா என்று ஒருகணம் வினவுங்கள். அவ்வினாவிலேதான் கணக்கியலின் உயிர் இருக்கிறது.