பெயரும் வழியும் உரிமையும்

வாகரைப் பகுதியிலுள்ள பனிச்சங்கேணி, பனிச்சை மரத்தையும் கேணியையும் தன் பெயரில் தாங்கி நிற்கின்றது. எபிரேய மறைநூலிலும் ஒரு கிணறு ஊருக்குப் பெயர் தருகின்றது. தான் தோண்டிய கிணற்றுக்குச் சாட்சியாக ஆபிரகாம் ஏழு ஆட்டுக்குட்டிகளைக் கொடுத்து ஆணையிட்ட இடமே பெயெர்செபா (ஆதியாகமம் 21). அப்பெயர் ஓர் உரிமைச் சாசனம்.

வமிச அட்டவணைகளும் அத்தகையனவே. பாபிலோனிலிருந்து மீண்டோருள், தம் வழியை அட்டவணையிற் காட்டவியலாத ஆசாரியர் பணியினின்று விலக்கப்பட்டனர் என்கிறது எஸ்றா (2:61-63). அவர்களுள் ஒரு சாரார், மனைவி வழியில் வந்த பர்சிலாய் என்னும் பெயரைத் தரித்தோர். தந்தைவழியே எண்ணப்பட்ட ஆசாரியத்துக்கு அப்பெயர் சான்றாகவில்லை.

மட்டக்களப்பிலோ 'குடி' தாய்வழியே வருவது. 1876இல் பிறிற்றோ எழுதிய முக்குவர் சட்ட நூல் தாய்வழிச் சொத்துரிமையை விளக்குகின்றது. எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' குடிமரபையும் கோயில் வரிசைகளையும் சேர்த்தே கூறுகின்றது.

ஆகவே, வமிச அட்டவணை பிறப்புப் பதிவு மட்டுமன்று. பங்கு எவர்க்கு என்னும் வினாவுக்கு ஒரு சமுதாயம் அளித்த விடையுமாகும். அவ்விடையில் விடுபட்டோரையும் வரலாறு தேடுதல் வேண்டும். ஏடின்றி நினைவிலேயே தம் வழியைக் காத்த வாகரைக் கரையோர வேடர் போன்றோர், பட்டியலில் இல்லாமையால் வழியற்றோர் ஆகார்.