ஏழு பெண்கள், 80 ரூபாய்க் கடன், ஒரு கட்டில்



நமது ஊரில் பல சகோதரிகள் வீட்டிலிருந்தே தொழில் செய்கிறார்கள். பப்படம், தொதல், மிளகாய்த்தூள், தையல் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று. தொடங்கும்போது எல்லோரும் பாராட்டுகிறோம். மாரி மழை வந்ததும், அல்லது கடைக்காரர் இரண்டு மாதக் காசை இழுத்தடித்ததும் தொழில் நின்றுவிடுகிறது. "கையில் முதல் இல்லை" என்று நாமே காரணமும் சொல்லிவிடுகிறோம். முதல் மட்டும்தான் குறையா? இதற்குப் பதில் தரும் ஒரு வரலாற்றைப் பார்ப்போம்.

1959 மார்ச் 15. பம்பாயின் கிர்காம் பகுதியில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் கூடினார்கள். பெரிய படிப்பு இல்லாத குடும்பத் தலைவிகள். தெரிந்த தொழில் பப்படம் போடுவது. சகன்லால் பாரேக் என்ற சமூக சேவகரிடம் 80 ரூபாய் கடன் வாங்கினார்கள். முதல் நாள் செய்தது நான்கு பக்கட். தெரிந்த வியாபாரி ஒருவருக்கு விற்றார்கள். நஷ்டம் வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று அப்போதே முடிவெடுத்தார்கள்.

மூன்று மாதத்தில் 25 பேர் சேர்ந்தார்கள். பிறகு மழைக்காலம் வந்தது. வெயில் இல்லாமல் பப்படம் காயாது. நான்கு மாதம் வேலை நின்றது. நமது சகோதரிகளுக்கு நடப்பதுதான் அவர்களுக்கும் நடந்தது.

ஆனால் அடுத்த மழைக்கு முன்பே அவர்கள் யோசித்துவிட்டார்கள். ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் பப்படம், கீழே அடுப்பு. மழை பெய்தாலும் வேலை நிற்கவில்லை.

ஆட்கள் கூடியபோது மாடியில் இடம் போதவில்லை. அதற்கும் ஒரு ஒழுங்கு செய்தார்கள். மாவை ஓரிடத்தில் பிசைவது. பெண்கள் வந்து நிறுத்து வாங்கி, வீட்டில் உருட்டிக் காயவைத்துக் கொண்டுவருவது. வந்ததைத் தரம் பார்த்து, நிறுத்து, பொதி செய்வது. உருட்டிய கூலி அன்றாடம் கையில். மாவு எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததால், எந்த வீட்டில் உருட்டினாலும் ருசி மாறவில்லை. வீடு சுத்தமாக இருக்கிறதா என்றும் போய்ப் பார்த்தார்கள்.

தொடக்கத்தில் மலிவாக விற்பதற்கென்று தரம் குறைந்த இன்னொரு பப்படமும் செய்தார்கள். தரத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று பாரேக் தடுத்தார். இதை வியாபாரமாகவே நடத்துங்கள், கணக்கை ஒழுங்காக எழுதுங்கள் என்றும் வற்புறுத்தினார். முதல் வருட விற்பனை 6,196 ரூபாய் என்று இன்று நாம் சொல்ல முடிவது அந்தக் கணக்கினால்தான்.

எல்லாமே கைகூடவில்லை. 1961இல் மலாட் என்ற இடத்தில் ஒரு கிளை தொடங்கிப் பார்த்தார்கள். அது சரிவரவில்லை. ஆனாலும் பழைய இடத்தில் வேலை தொடர்ந்தது. அதுதான் இன்று 40,000க்கும் மேற்பட்ட பெண்கள் உழைக்கும் 'லிஜ்ஜத் பப்படம்'. அவர்கள் அனைவரும் பங்காளிகள். இலாபமும் நஷ்டமும் அவர்களுக்கே. ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

தொழில் திட்டம் என்றதும் வங்கிக்குக் கொடுக்கும் படிவம்தான் நமக்கு ஞாபகம் வருகிறது. அந்தப் பெண்கள் வைத்திருந்ததும் திட்டம்தான். யார் பிசைவது, யார் நிறுப்பது, கூலி எப்போது, மழை வந்தால் என்ன செய்வது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் கடன் எடுத்தால் கடன்தான் மிஞ்சும். நுண்கடன் வட்டியில் சிக்கிய குடும்பங்களை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

ஆகவே, பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்துப் படமெடுப்பதோடு நமது சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் நின்றுவிடக் கூடாது. நாலைந்து பேரை ஒன்றாக உட்காரவைத்து, ஒரு கொப்பியில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதவைப்போம். விற்ற காசு எந்தத் திகதியில் கைக்கு வரும் என்பதையும் கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி அதிலேயே எழுதுவோம். கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும்படி குர்ஆன் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறதே.

அடுத்த மாரிக்கு முன் நமது ஊரிலும் அந்தக் கட்டிலையும் அடுப்பையும் தயார் செய்வோம். ஹலாலான உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.