கிரானைட்டில் தங்கம்: உட்லண்ட்ஸ் முதல் பகாங் வரை

சிங்கப்பூரின் வடகோடியிலுள்ள உட்லண்ட்ஸ், புக்கிட் தீமா கிரானைட் எனப்படும் பாறைத்திரளின் மேல் அமைந்த வட்டாரம். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு நிலத்தடியில் கற்குழம்பு மெல்லக் குளிர்ந்து இறுகியதால் உண்டான பாறை அது. உட்லண்ட்ஸையும் ஜோகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலத்தில் 1923இல் சரக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அதற்காகக் கடலில் கொட்டிய கல், புக்கிட் தீமா, புலாவ் உபின் கற்சுரங்கங்களில் உடைத்த கிரானைட்தான். இந்தக் கல்லில் தங்கச் சுரங்கம் ஏதும் அமையவில்லை. கடற்பாலத்துக்கு அப்பால், மலாய் தீபகற்பத்தின் பகாங் மாநிலத்திலோ நூறாண்டுக்கும் மேலாகத் தங்கம் எடுத்து வந்திருக்கிறார்கள். பாறை எங்கே உடைந்தது, உடைந்த வழியில் என்ன ஓடியது என்று கேட்டால் இந்த வேறுபாடு விளங்கும்.

சாதாரண கிரானைட்டில் டன்னுக்குச் சில மில்லிகிராம் தங்கம் இருந்தாலே அதிகம். தோண்டுவது கட்டுப்படியாக டன்னுக்கு ஏறத்தாழ 1 கிராம் வேண்டும். பல நூறு மடங்கு செறிவூட்டும் இந்த வேலையைச் செய்வது வெந்நீர். ஆழத்தில் 200 முதல் 400 பாகை செல்சியஸ் வெப்பத்திலுள்ள நீர், கந்தகத்தின் துணையோடு தங்கத்தைக் கரைத்துச் சுமந்து வரும். ஆனால் கிரானைட்டின் படிகங்கள் ஒன்றையொன்று கவ்விக் கிடப்பவை. அவற்றினூடே நீர் எளிதில் புகாது. வெடிப்புதான் வழி. மழை விட்ட மறுநாள் புக்கிட் தீமாவின் பழைய கற்சுரங்கச் சுவரைப் பார்த்தால் இது புரியும்: பாறையின் முகம் காய்ந்திருக்கும், வெடிப்புக் கோடுகள் மட்டும் ஈரத்தில் கறுத்து, ஓரத்தில் துருச்சிவப்பு வழிந்திருக்கும்.

பல கிலோமீட்டர் நீளும் பெரும் பிளவுப்பெயர்ச்சியே வெந்நீர் மேலேறும் பெருவழி. ஆனால் தங்கம் பெரும்பாலும் அதில் தங்குவதில்லை. பக்கக் கிளைகளிலும், பிளவு வளையும் இடங்களிலும், இரு பிளவுகள் வெட்டிக்கொள்ளும் சந்திகளிலும்தான் தேங்குகிறது. வளைந்த பிளவின் இருபுறமும் நகரும்போது நடுவே வெற்றிடம் திறக்கும். நீரின் அழுத்தம் சட்டென விழும்; கந்தகம் பிரிந்து போகும்; கரைந்திருந்த தங்கம் படியும். பக்கப் பாறையிலுள்ள இரும்பும் கந்தகத்தைப் பிடித்துப் பைரைட் ஆகி இதற்கு உதவும். பிறகு குவார்ட்ஸ் அந்த வாயை அடைத்துவிடும். அழுத்தம் மீண்டும் ஏறி, பாறை மீண்டும் உடையும். தங்கம் தாங்கிய குவார்ட்ஸ் நரம்புகள் சிலவற்றை அறுத்துப் பார்த்தால் பக்கப் பாறையின் கருநிறச் சீவல்கள் மெல்லிய வரிகளாக அடுக்கி நிற்கும். நரம்பு பலமுறை திறந்து மூடியதற்கு அந்த வரிகளே சாட்சி.

பகாங்கில் ராவுப் நகரம், இரண்டு நிலத்தட்டுகள் மோதி ஒட்டிய பெந்தோங்–ராவுப் தையலை ஒட்டியுள்ளது. 1889இல் ஆஸ்திரேலியரான வில்லியம் பிபி அங்கே சுரங்க நிறுவனம் தொடங்கினார். அங்கு தங்க நரம்புகள் நசுங்கிய களிப்பாறைகளில் ஓடுகின்றன. கிரானைட் வகைப் பாறையின் பங்கை அறியக் கோலாலிப்பிஸ் அருகேயுள்ள பென்ஜோம் சுரங்கம்தான் நல்ல சான்று. அங்கே கரிமம் செறிந்த களிப்பாறைக்குள் ஃபெல்சைட், டோனலைட் ஆகிய வெளிர்நிற ஊடுருவல் பாறைகள் புகுந்திருக்கின்றன. நிலம் நெருக்கியபோது களிப்பாறை குழைந்து கொடுத்தது. விறைப்பான ஊடுருவல் பாறை நொறுங்கியது. அந்த நொறுங்கலிலும் இரு பாறைகள் சேரும் விளிம்பிலும் தங்கம் குடியேறியது. அதே கரிமம் ஆலையில் தொல்லையானது: சயனைடில் கரைந்த தங்கத்தை அது திரும்ப உறிஞ்சிக்கொண்டது. கரிமத்தை முந்திக்கொண்டு தங்கத்தைப் பிடிக்கப் பிசின் மணிகளைப் பயன்படுத்த வேண்டியிருந்தது.

கிரானைட்தான் தங்கத்தைப் பெற்ற தாய் என்ற எண்ணம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சீனாவின் ஜியாவோதுங் தீபகற்பத்தில் லிங்லுங் கிரானைட் ஏறத்தாழ 15 முதல் 16 கோடி ஆண்டுகள் பழையது. அதிலுள்ள தங்கத்துக்கு வயது சுமார் 12 கோடி. பாறை இறுகிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து, பிளவு திறந்த பிறகே விருந்தாளி வந்தது. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய கோலாரில், கிரானைட்டும் நைசும் இருபுறமும் சூழ நடுவிலுள்ள பச்சைக்கரும்பாறையில்தான் சாம்பியன் ரீஃப் என்ற தங்க நரம்பு ஓடுகிறது. அந்த நரம்பு மடிந்த இடங்களில் தாது தடித்தது. 2001இல் சுரங்கம் மூடப்படும்வரை ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம்வரை அதைப் பின்தொடர்ந்தார்கள்.

புக்கிட் தீமா கிரானைட்டிலும் வெடிப்புகளும் பிளவுப்பெயர்ச்சிகளும் ஏராளம். வழி திறந்திருந்தது; பொன் சுமந்த நீர்தான் அவ்வழியே போதிய அளவு வரவில்லை. உட்லண்ட்ஸை அடுத்த மண்டாயில் இதே பாறையைக் குடைந்து 2008இல் நிலத்தடி வெடிமருந்துக் கிடங்கு திறக்கப்பட்டது. இத்தகைய குடைவுப் பணிகளிலும் பொறியாளர்கள் வெடிப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிக் குறிக்கிறார்கள், நீர் கசியாதபடி சிமெண்ட் குழம்பு செலுத்தி அடைப்பதற்காக.